சம்பா வருது: யோசனையை யாருக்குச் சொல்றது, எந்த நேரத்துல சொல்றது?

ஆரணியாறு
3 ஆகஸ்ட் 2025, இரவு 9:12

ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கம் இருக்கிற ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குப் பயிர் யோசனை சொல்ற பொறுப்பு என்னுது. அலுவலகம் அண்ணா நகர்ல. பங்குதாரர் 300க்கு மேல. பாதிப் பேருக்கு நிலம் மட்டும்தான் ஊர்ல, ஆள் அம்பத்தூர், ஆவடி, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஷிப்ட்ல. வாட்ஸ்அப் குரூப்ல செய்தி போட்டா பார்க்கிறாங்க, வயல்ல எதுவும் மாறல. நிர்வாகக் குழு கேட்கிறது இதுதான்: செயலி ஒண்ணு செய்யலாமா, இல்ல அந்தக் காசுல ரெண்டு களப் பணியாளர் வைக்கலாமா? சம்பா நாற்றங்கால் விட மூணு நாலு வாரம்தான் இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மடைவாய்
3 ஆகஸ்ட், இரவு 10:40

தம்பி, செயலியா ஆளா என்பது அப்புறம். முதல்ல ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நேரா மூணு பேரை எழுதுங்க. பட்டா யார் பேர்ல, பயிர் வைக்கிறது யார், வயல்ல கை வைக்கிறது யார்.

சம்பா நெல்லையே எடுத்துக்குங்க. ரகத்தை முடிவு பண்றது நிலத்துக்காரர், இல்லேன்னா குத்தகைக்காரர். நடவுத் தேதி நடவு மேஸ்திரி கையில, அவர்கிட்ட ஆள் கிடைக்கிற அன்னைக்குத்தான் நடவு. மேலுரம் எப்போ, எவ்வளவு என்பது வீட்ல இருக்கிற அம்மா கையில. மருந்து என்ன விகிதம்கிறது கூலிக்கு அடிக்க வர்றவர் கையில. அறுவடை நாள் மெஷின் ஏஜென்ட் கையில. உங்க குரூப்ல இருக்கிற எண் பெரும்பாலும் பட்டாதாரர் எண்ணாத்தான் இருக்கும். அஞ்சு முடிவுல ஒண்ணோ ஒண்ணரையோதான் அவர் எடுக்கிறார். மீதி நாலு பேருக்கும் உங்க செய்தி போகவே இல்ல.

1970கள், 80கள்ல வந்த பயிற்சி–பார்வையிடல் முறை, ஊர்ல எந்நேரமும் வயல்ல நிக்கிற முழுநேர விவசாயியை மனசுல வச்சுப் போட்டது. அலுவலர் குறிச்ச நாள்ல வருவார், தொடர்பு விவசாயிகிட்டச் சொல்வார், அவர் பத்துப் பேருக்குச் சொல்வார். உலக வங்கிக் கடன்ல நாடு முழுக்க நடந்த அந்த முறைல ஒழுங்கு இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா காலை 11 மணிக்கு வயலுக்குப் போனா யாராவது இருப்பாங்க என்கிற அனுமானத்துல நின்னது அது. திருவள்ளூர் மாவட்டத்துல இன்னைக்கு அந்த அனுமானம் செல்லாது.

வரப்பு
4 ஆகஸ்ட், காலை 6:55

மடைவாய் ஐயா சொன்னதுக்கு ஒரு கணக்கு. தேசிய மாதிரி ஆய்வு 2018–19 பயிர் ஆண்டுக்கு எடுத்தது: இந்திய விவசாயக் குடும்பத்தோட சராசரி மாத வருமானம் ரூ.10,218. அதுல கூலி, சம்பளம் ரூ.4,063. பயிர்ல வர்றது ரூ.3,798. விவசாயக் குடும்பம்னு கணக்கெடுத்த வீட்லயே சம்பளம் பயிரைத் தாண்டிடுச்சு. நம்ம மாநிலத்துல 2015–16 கணக்கெடுப்புப்படி சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், ரெண்டு ஏக்கரும் கிடையாது.

இந்த வீட்டுக்கு ஏக்கருக்கு ரெண்டு மூட்டை கூட வரும்னு சொல்ற யோசனை, அதுக்கு மூணு நாள் லீவு போடணும்னா, நஷ்டம். லீவுக்குப் போற சம்பளத்தையும் செலவுல சேர்த்துத்தான் அவர் பார்க்கிறார். அதனால ஒவ்வொரு யோசனைலயும் எத்தனை ஆள்நாள், ஞாயித்துக்கிழமைல முடியுமா என்கிற ரெண்டையும் எழுதுங்க. வரிசை நடவு, களைக்கருவி ஓட்டுறதெல்லாம் நல்ல தொழில்நுட்பம்தான், ஆனா கோனோவீடர் தள்ள ஆள் கிடைக்காத ஊர்ல அது தாள்லயே நின்னுடுது.

உரக்கடை செங்குன்றம்
4 ஆகஸ்ட், மதியம் 2:20

நீங்க எல்லாரும் விட்டுட்ட ஆளு ஒருத்தர் இருக்கார், கடைக்காரர். சாயங்காலம் 5 மணிக்கு மேல காஞ்ச இலையைக் கையில புடிச்சிட்டு வர்றவங்களுக்குப் பதில் சொல்றது நாங்கதான். வேளாண் விரிவாக்க மையம் அந்த நேரத்துல பூட்டியிருக்கும். கடனுக்கும் நாங்கதான் குடுக்கிறோம். எங்களைத் தாண்டி யோசனை சொல்லணும்னு பார்க்காதீங்க, எங்களைச் சரி பண்ணப் பாருங்க.

இடுபொருள் விற்பனையாளருக்கு 48 வார டிப்ளமோ இருக்கு, வாரம் ஒரு நாள் வகுப்பு, 8 வாரம் வயல் பார்வை. படிச்ச கடைக்காரர் யாரு, பையனை உக்கார வச்சிட்டுப் போற கடை எதுன்னு உங்க ஏரியாவுல பட்டியல் எடுங்க. படிச்ச கடைக்கு, நீங்க எழுதிக் குடுக்கிற யோசனைச் சீட்டோட ஆள் அனுப்புங்க. சீட்டுல மருந்தோட வேதிப்பேர், சதவீதம், ஏக்கருக்கு அளவு மூணும் இருக்கணும். பிராண்டு பேரை எழுதாதீங்க. பிராண்டு இல்லாத கடையில அதுக்குப் பதிலா எதையாவது தருவாங்க, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது.

ஆரணியாறு
4 ஆகஸ்ட், இரவு 8:31

அண்ணே, சீட்டு மாதிரி ஒண்ணு போட முடியுமா? ஏக்கர் அளவு எழுதினாலும் அடிக்கிறவர் டேங்குக்கு எத்தனை மூடின்னுதான் கேட்கிறார்.

உரக்கடை செங்குன்றம்
4 ஆகஸ்ட், இரவு 9:50

அந்தக் கேள்வியிலதான் பாதிப் பயிர் போகுது. நெல் அடித்தண்டுல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சிக்கு வச்சே சொல்றேன். பைமெட்ரோசின் 50 சதவீதக் குருணை, ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணி. புத்தகக் கணக்குல 10 லிட்டர் டேங்குன்னா 20 டேங்க், டேங்குக்கு 6 கிராம். 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர்னா பன்னிரண்டரை டேங்க், டேங்குக்கு 9.6 கிராம்.

ஆனா கூலிக்கு அடிக்கிறவர் ஏக்கருக்கு 16 லிட்டர் டேங்க் எட்டுக்கு மேல அடிக்க மாட்டார். எட்டு டேங்க்னா 128 லிட்டர்தான். டேங்குக்கு 9.6 கிராம்னு போட்டா மொத்தம் 77 கிராம்தான் வயல்ல விழும். பூச்சி சாகாது, மருந்து போலின்னு பேர் வரும், அடுத்த வாரம் ரெண்டு மருந்தைக் கலந்து அடிப்பாங்க. அதனால சீட்டுல இப்படி எழுதுங்க: ‘ஏக்கருக்கு 120 கிராம். எத்தனை டேங்க் அடிப்பீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. எட்டுன்னா டேங்குக்கு 15 கிராம், பத்துன்னா 12 கிராம்.’ முழு மருந்தையும் ஒரு சின்ன வாளியில கரைச்சு, டேங்க் எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி அளவு கப்புல பிரிச்சு ஊத்தினா மூடிக் கணக்கே தேவையில்ல.

இன்னொண்ணு. இந்த மருந்து பட்டவுடனே பூச்சி செத்து விழாது. சாறு உறிஞ்சுறதை நிறுத்தும், பட்டினியில சாக சில நாள் ஆகும். மறுநாள் காலையில உயிரோட இருக்கிறதைப் பார்த்துட்டு வேற மருந்துக்கு ஓடி வருவாங்க. ‘மூணு நாள் பொறுங்க’ன்னு சீட்டுலயே எழுதிடுங்க.

மடைவாய்
5 ஆகஸ்ட், காலை 7:05

கடைக்கார அண்ணன் கணக்கு அருமை. அதுக்கு முந்தின படி விட்டுப்போச்சு: மருந்தே வேணுமா?

வயலுக்குள்ள நாலு இடத்துல போய் நில்லுங்க, வரப்போரம் வேண்டாம். ஒரு குத்தை (சேர்த்து நட்ட நாத்துக் கொத்து) இடது கையால சாய்ச்சுப் பிடிச்சு, அடித்தண்டுல வலது உள்ளங்கையால ரெண்டு தட்டு. கீழ தண்ணி மேல விழறதை எண்ணுங்க. பழுப்பா, கோதுமை உமி அளவுல, பக்கவாட்டுல ஓடுற மாதிரி நகர்றது புகையான். எட்டுக் காலோட தண்ணி மேலயே வேகமா ஓடுறது சிலந்தி, அது நம்ம கூலியில்லா வேலைக்காரன். தூருக்கு, அதாவது குத்துல கிளைச்ச ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு புகையான் இருந்தா மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி தெரிஞ்சா தூருக்கு ரெண்டு வரைக்கும் பொறுக்கலாம். குத்துல 15 தூர், சிலந்தி இருக்குன்னா 30 வரைக்கும் மருந்து வேண்டாம். அடித்தண்டைப் பார்க்காம இலையை மட்டும் பார்த்தா, வட்டம் வட்டமா காஞ்ச பிறகுதான் தெரியும்.

மருந்துக்கு முன்னாடி தண்ணியை வடிங்க. சிந்தெடிக் பைரித்ராய்டு வகை எதையும் இந்தப் பூச்சிக்கு அடிக்கக் கூடாது, சிலந்தி செத்து புகையான் ரெண்டு மடங்கா திரும்பும். யூரியா அதிகமான வயல்லதான் முதல்ல வரும். நடவுல 8 அடிக்கு ஒரு அடி பட்டம் (நடாம விடற இடைவெளி) விட்டிருந்தா தெளிக்கிறவர் உள்ள நடந்து அடித்தண்டுல அடிக்க முடியும். பட்டம் இல்லாத வயல்ல மேல தூவிட்டு வந்துடுவார். இதை நடவு மேஸ்திரிகிட்ட செப்டம்பர்லயே சொல்லணும். நவம்பர்ல குரூப்ல போட்டா பிரயோஜனம் இல்ல.

கீரைப்பாத்தி
5 ஆகஸ்ட், மாலை 4:15

நெல்லைப் பத்தியே பேசுறீங்க. வெங்கல், செங்குன்றம் சுத்துவட்டாரத்துல கீரை, மல்லி, கத்தரி வச்சு வாரா வாரம் காசு பார்க்கிறவங்களுக்கு உங்க யோசனைல இடம் எங்க? எங்களுக்குப் பூச்சியை விட விலைதான் தொல்லை.

மொபைல்ல வர்ற விலை நேத்தைய கோயம்பேடு விலை. அது மொத்த விலை, கைக்கு வர்ற விலை இல்ல. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 1,000 கட்டு சிறுகீரை, மார்க்கெட்ல கட்டு 8 ரூபான்னா 8,000. கமிஷன் பத்துக்கு ஒண்ணுன்னா 800 போச்சு. மினி வேன் 1,500. இறக்குகூலி 300. பறிச்சுக் கட்டுறதுக்குக் கட்டுக்கு ஒண்ணரை ரூபான்னா 1,500. மிச்சம் 3,900, கட்டுக்கு 3.90. அதே நாள் வயல்ல வந்து தானே பறிச்சுக்கிற வியாபாரி 4.50 குடுத்தா அதுதான் லாபம். இந்தக் கழிவுக் கணக்கை ஒரு சின்ன அட்டையில அச்சடிச்சுக் குடுங்க. வேன் வாடகையை மட்டும் அவங்களே நிரப்பிக்கட்டும்.

அடுத்தது தேதி. புரட்டாசி செப்டம்பர் 17 வாக்குல பிறக்கும். கறி, மீன் விட்டவங்க வீட்ல கீரை, காய் கேட்பாங்க. சிறுகீரைக்கு 25 நாள்னா ஆகஸ்ட் 23ல இருந்து விதைக்கணும். ஒரே நாள்ல 25 சென்ட்டையும் விதைச்சுட்டா ஒரே நாள்ல வெட்டணும், வர்ற விலைக்குக் குடுக்கணும். அஞ்சு பாத்தியாப் பிரிச்சு அஞ்சு நாளைக்கு ஒரு பாத்தி விதைங்க. இந்த மாதிரி ஒரு யோசனை கூட அரசுச் செய்தியில வந்து பார்த்ததில்ல.

உரக்கடை செங்குன்றம்
5 ஆகஸ்ட், இரவு 8:02

அக்கா சொன்ன கீரைக்கு ஒரு எச்சரிக்கை. 25 நாள் பயிருக்கு நெல்லு மருந்தையோ கத்தரி மருந்தையோ கேட்டு வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க. மருந்து அடிச்சதுக்கும் பறிக்கிறதுக்கும் நடுவுல விட வேண்டிய காத்திருப்பு நாள் முடியறதுக்குள்ள கட்டு கோயம்பேடு போயிடும். வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல் 5 சதவீதம் போதும்: 10 லிட்டருக்கு அரைக் கிலோ பருப்பை இடிச்சு, ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊற வச்சு, துணியில வடிகட்டி, 20 கிராம் சோப்புக் கரைச்சுச் சேர்த்து, 10 லிட்டருக்கு நிரப்பி சாயங்காலம் அடிக்கிறது. சோப்பு இல்லேன்னா கீரை இலையில ஒட்டாம ஓடிடும். பழைய பூசணம் பிடிச்ச கொட்டையில வேலை நடக்காது.

வரப்பு
6 ஆகஸ்ட், காலை 6:30

விலை யோசனையை அரசு முழுக்கக் கவனிக்கலைன்னு சொல்ல முடியாது அக்கா. உழவர் சந்தை 1999ல மதுரையில தொடங்கினதே இடைத்தரகர் கழிவைக் குறைக்கத்தான். 2018ல வந்த உழவன் செயலியில சந்தை விலை, உர இருப்பு, விதை இருப்பு, இயந்திர வாடகை எல்லாம் இருக்கு. செயலியில இருக்கிற தகவலை வச்சு உங்க கழிவுக் கணக்கைப் போட்டுச் சொல்ற ஆள்தான் இல்ல. ஆரணியாறு, களப் பணியாளர் வச்சா அவங்களுக்கு இதுதான் முதல் வேலையா இருக்கணும். புதுச் செயலிக்குச் செலவு பண்ண வேண்டாம், இருக்கிற தகவலையே நாம பயன்படுத்தல.

2025 கோடையில தர்பூசணியில சாயம் ஏத்துறாங்கன்னு பேச்சு பரவி விலை சரிஞ்சப்போ, மதுராந்தகம் பக்கம் வயல்ல பழத்தோட நின்னவங்களுக்கு அன்னைக்கு என்ன செய்யணும்னு சொல்ல யாரும் இல்ல. சந்தை அதிர்ச்சியும் பூச்சித் தாக்குதல் மாதிரியே ஒரு அவசரம். அதுக்கும் உங்ககிட்ட ஒரு எண் இருக்கணும்: மூணு நாலு ஊர் வியாபாரிகள், குளிர்பதனக் கிடங்கு, சாறு போடுற ஆலை.

ஆரணியாறு
9 ஆகஸ்ட், இரவு 10:15

மடைவாய் ஐயா சொன்ன மூணு பேர் பட்டியல் ரெண்டு ஊருக்கு முடிஞ்சது. நிறைய இடத்துல பயிர் வைக்கிறவர் வாய்மொழிக் குத்தகை. குரூப்ல அவங்க யாரும் இல்ல. சேர்க்கப் போனா, ‘என் பேரை எழுதாதீங்க, நிலத்துக்காரர் அடுத்த வருஷம் விடமாட்டார்’ங்கிறாங்க. இதுக்கு என்ன வழி?

மடைவாய்
10 ஆகஸ்ட், காலை 8:20

பயப்படறதுக்குக் காரணம் இருக்கு. அதனால உங்க பட்டியலைக் குத்தகைப் பதிவாக் காட்டாதீங்க. ‘போன் எண், பயிர், சென்ட், தண்ணி எங்கிருந்து’ன்னு நாலு கட்டம் போதும். நிலத்துக்காரர் பேருக்குக் கட்டமே வேண்டாம். அந்தத் தாளை நிர்வாகக் குழுக் கூட்டத்துல வாசிக்கவும் கூடாது.

மானியமும் உதவித்தொகையும் பட்டாவைத் தொடர்ந்து போகுது. பிஎம் கிசான் வருஷம் 6,000 நிலம் பேர்ல உள்ளவருக்கு. இப்போ எடுக்கிற விவசாயி அடையாள எண்ணும் நில ஆவணத்தை வச்சுத்தான். உழுறவர் இதுல எதுலயும் இல்ல. அவருக்குத் திறந்திருக்கிற கதவு பயிர்க் காப்பீடு. அடங்கல் (எந்த நிலத்துல என்ன பயிர்னு கிராம நிர்வாக அலுவலர் தர்ற சான்று) இருந்தா குத்தகைதாரரும் கட்டலாம். சம்பா நெல்லுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில ஒண்ணரை சதவீதம், கடைசி நாள் வழக்கமா நவம்பர் 15. கடைசி வாரம் போனா பொதுச் சேவை மையத்துல கூட்டம், சர்வர் நிக்கும். அக்டோபர்ல மழை தொடங்குறதுக்குள்ள அடங்கலை வாங்கிடணும்.

தப்பு நடக்கிற இடம் மூணு. அடங்கல்ல போன போகப் பயிர் எழுதியிருக்கும். உட்பிரிவு எண் விட்டுப்போயிருக்கும். வங்கிப் புத்தகத்துல ஒரு இனிஷியல், ஆதார்ல வேற இனிஷியல். மூணையும் கட்டுறதுக்கு முன்னாடி பார்க்கிறது களப் பணியாளருக்குப் பத்து நிமிஷ வேலை. இன்னொண்ணும் சொல்லிடுங்க: இழப்பீடு அறிவிக்கப்பட்ட பகுதியோட சராசரி விளைச்சலை வச்சு வரும், தன் வயல் மட்டும் போனா பெரும்பாலும் வராது. இதைச் சொல்லாம கட்ட வச்சா அடுத்த வருஷம் உங்க எந்த யோசனையையும் கேட்க மாட்டாங்க.

பால்சொசைட்டி
10 ஆகஸ்ட், மாலை 6:40

கூட்டம் போடற நேரத்தைப் பத்தி யாரும் பேசல. வீட்ல இருக்கிற அம்மாதான் மேலுரம் போடுறாங்கன்னு சொன்னீங்க. அவங்களைக் காலையிலயும் சாயங்காலமும் பால் ஊத்துற இடத்துல பார்க்கலாம். வரிசையில பத்து நிமிஷம் நிப்பாங்க. தனியாக் கூட்டத்துக்குக் கூப்பிட்டா ஆம்பளைங்கதான் வருவாங்க.

அங்க போறவங்க நெல்லை மட்டும் பேசாதீங்க. நிலம் மனையாப் போன வீட்லயும் மாடு இருக்கு. அடர்தீவனம் உடம்புக்கு ஒண்ணரைக் கிலோ, அதுக்கு மேல ரெண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்கு மொத்தம் அஞ்சரைக் கிலோ. எல்லா மாட்டுக்கும் ஒரே அளவு வைக்கிறதுதான் நடக்குது: வத்தின மாட்டுக்குத் தண்டம், கறக்கிற மாட்டுக்குப் பத்தல. மடிநோய்க்குத் தொடக்கத்துலயே 250 கிராம் சோத்துக் கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு அரைச்சு, மடியைக் கழுவிப் பாலை முழுசாப் பீச்சிட்டுப் பூசணும், ஒரு நாளைக்குப் பல தடவை. காய்ச்சல் அடிச்சா டாக்டர்தான். காட்டுப்பாக்கத்துல கால்நடைப் பல்கலைக்கழக வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. பயிற்சிக்கு ஆள் அனுப்பினா பெயருக்குச் சேர்க்காம, பால் ஊத்துற பேரேட்டைப் பார்த்து ஆளை எடுங்க.

வரப்பு
12 ஆகஸ்ட், காலை 6:10

வானிலை. இந்திய வானிலைத் துறையோட வேளாண் அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வரும். மாவட்ட வேளாண் வானிலை மையங்களை 2024 மார்ச்சோட நிறுத்திட்டாங்க, அதனால உள்ளூர் விளக்கம் மெலிஞ்சிடுச்சு. அந்த இடத்தை நீங்க நிரப்பலாம். அறிக்கையை அப்படியே அனுப்பாதீங்க. ‘வியாழன், வெள்ளி மழை. மேலுரம் புதன் வேண்டாம், ஞாயிறு போடுங்க’ன்னு ஒரே வரியா மாத்துங்க.

வெள்ளத்துக்கு அப்புறம் சொல்றதையும் இப்பவே எழுதி வச்சுக்குங்க. டிசம்பர் 2023ல மிக்ஜாம் புயல் வந்த வாரத்துல பாதி ஊருக்குக் கரண்ட்டும் சிக்னலும் இல்ல. முதல்ல தண்ணியை வடிக்கணும். தூர் கட்டுற பயிர் மஞ்சளா நின்னா ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட் 200 லிட்டர் தண்ணியில கரைச்சு இலை வழியாத் தெளிக்கணும். தண்ணி முழுசா வடிஞ்ச பிறகு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வச்சு, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடணும். தண்ணி நிக்கும்போதே யூரியா வீசுறதுதான் வழக்கமா நடக்கிற தப்பு, முழுக்க அடுத்தவர் வயலுக்குப் போயிடும்.

கீரைப்பாத்தி
12 ஆகஸ்ட், மதியம் 1:30

மண் ஆய்வு அட்டையை வீட்ல பீரோவுக்குள்ள வச்சிருக்காங்க. ஹெக்டேருக்குக் கிலோன்னு எழுதினா யாருக்குப் புரியும்? மூட்டையில சொல்லுங்க.

உரக்கடை செங்குன்றம்
12 ஆகஸ்ட், இரவு 9:25

மூட்டைக் கணக்கு இதோ. காவிரி டெல்டா இல்லாத பகுதிக்குக் குறுகிய கால நெல், ஹெக்டேருக்கு தழை, மணி, சாம்பல் சத்து கிலோவுல 120:40:40. ஏக்கருக்கு 48:16:16. மணிச்சத்து 16 கிலோவுக்கு டிஏபி 35 கிலோ, அதுலயே தழைச்சத்து 6 கிலோ சொச்சம் வந்துடும். மீதி 42 கிலோவுக்கு யூரியா 90 கிலோ, சரியா ரெண்டு மூட்டை. இப்போ மூட்டை 45 கிலோ, பழைய 50 கிலோன்னு நினைச்சு எண்ணாதீங்க. பொட்டாஷ் 27 கிலோ.

அடியுரம்: டிஏபி 35, யூரியா பன்னிரண்டரை, பொட்டாஷ் பாதி. அப்புறம் தூர் கட்டும்போது, பூங்கதிர் உருவாகும்போது, கதிர் வரும்போது யூரியா 26 கிலோ வீதம் மூணு தடவை. பூங்கதிர் சமயத்துல மீதி பொட்டாஷ். எங்க கடையில நடக்கிறது என்னன்னா, ரெண்டு மூட்டையையும் ஒரே நாள் வாங்கி நடவு முடிஞ்ச 20வது நாள்ல ஒரே வீச்சு. ஆள் கூலி மிச்சம்னு பார்க்கிறாங்க. அப்புறம் நவம்பர்ல புகையான் சீட்டோட வருவாங்க.

மடைவாய்
13 ஆகஸ்ட், காலை 7:15

ஒரு சேர்க்கை. டிஏபி கிடைக்காத வாரத்துல 20:20:0:13 காம்ப்ளெக்ஸ் உரம் தர்றாங்க. அதுக்கும் அதே யூரியா போட்டா தழைச்சத்து ஏறிடும். மணிச்சத்து 16 கிலோவுக்கு அது 80 கிலோ வேணும். அதுலயே தழைச்சத்து 16 கிலோ இருக்கு. அடியுரத்துல யூரியாவே வேண்டாம். மீதி 32 கிலோவுக்கு யூரியா 70 கிலோ, மூணு தடவையாத் தலா 23. கடைக்கார அண்ணனோட சீட்டுல இந்த ரெண்டாவது வரிசையையும் அச்சடிச்சுடுங்க. டிகேஎம் 13 மாதிரி 130 நாள் ரகத்துக்கு மொத்த அளவு கூடும், அதுக்குத் தனிச் சீட்டு வேணும். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துலதானே இருக்கு, ரகத்துக்கு ஏத்த அட்டவணையை அங்க சரி பார்த்துக்குங்க.

ஆரணியாறு
16 ஆகஸ்ட், இரவு 8:50

குழுக் கூட்டம் நடந்தது. செயலி வேண்டாம்னு முடிவு. ரெண்டு களப் பணியாளர். சம்பளத்துக்கு நிறுவனத்தோட உரக்கடை லாபத்துல இருந்து, விற்பனைக்கு ஏத்த ஊக்கத்தொகைன்னு ஒருத்தர் சொன்னார். ட்ரோன் ஒண்ணும் வாங்கலாம்னு பேச்சு.

வரப்பு
16 ஆகஸ்ட், இரவு 10:05

விற்பனைக்கு ஊக்கத்தொகை வேண்டவே வேண்டாம். யோசனை சொல்றவர் சம்பளம் மருந்து விற்பனையில இருந்தா, சிலந்தியை எண்ணிட்டு ‘மருந்து வேண்டாம்’னு அவர் சொல்ல மாட்டார். சேவைக்குக் காசு வாங்குங்க: மண் மாதிரி எடுத்து அனுப்புறது, ஈரப்பத மீட்டர்ல நெல் பார்க்கிறது, அறுவடை மெஷின் ஏற்பாடு. இதுக்கு விவசாயி காசு தருவார், ஏன்னா அன்னைக்கே மிச்சம் தெரியும்.

நேரடிக் கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரத்துக்கு மேல போனா திருப்புவாங்க. களத்துல மீட்டர் வச்சுப் பார்த்துட்டு ஏத்தினா ரெண்டாவது வண்டி வாடகை இல்ல. மெஷின் விஷயம் இன்னும் பெருசு. அறுவடைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாடி தண்ணியை வடிச்ச வயல்ல டயர் வண்டி இறங்கும். சேறா இருந்தா பெல்ட் வண்டிதான், மணிக்கு வாடகை அதிகம், நேரமும் அதிகம். ஒரே வாய்க்கால்ல இருக்கிற வயல்களை ஒரே வாரத்துல வடிக்க வச்சு ஒரே வண்டியைக் கூப்பிடுறதுதான் களப் பணியாளர் செய்யக்கூடிய பெரிய உதவி.

உரக்கடை செங்குன்றம்
17 ஆகஸ்ட், காலை 11:40

ட்ரோனுக்கும் நான் முன்னாடி சொன்ன புகையான் மருந்துக் கணக்குதான். ஏக்கருக்கு 10 லிட்டர் தண்ணிதான், ஆனா மருந்து அதே 120 கிராம், முழுசும் அந்த 10 லிட்டர்ல. 10 லிட்டர் டேங்க்னு 6 கிராம் போட்ட ஆள் உண்டு. புகையான் அடித்தண்டுல இருக்கிறதால நெருக்கமா வளர்ந்த பயிர்ல மேலிருந்து விழறது போய்ச் சேராது. ட்ரோன் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் சத்துத் தெளிப்புக்கும் நல்லது. நம்ம பக்கம் வயலுக்கு நடுவுல மனை, வீடு, கிணறு, மின்கம்பி. காத்து அடிக்கும்போது பறக்க விட்டா அக்காவோட கீரையில விழும். ஒரு வருஷம் வாடகைக்கு எடுத்துப் பாருங்க, அப்புறம் வாங்கலாம்.

ஆரணியாறு
19 ஆகஸ்ட், மாலை 7:30

வாட்ஸ்அப் குரூப்ல அனுப்ப முதல் ஆடியோ எழுதியிருக்கேன். திருத்துங்க: ‘வணக்கம். சம்பா பருவத்துக்கான நாற்றங்கால் மேலாண்மை குறித்து இன்று பார்ப்போம். விவசாயிகள் தரமான விதையைத் தேர்வு செய்து, விதை நேர்த்தி செய்து விதைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்…’

மடைவாய்
19 ஆகஸ்ட், இரவு 9:10

தம்பி, 40 நொடிக்குள்ள முடியணும், முதல் பத்து நொடியில வேலை வந்துடணும். இரவு 8:30க்கு மேல அனுப்புங்க, ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல வர்றவங்க கேட்பாங்க. இப்படி வச்சுக்குங்க:

‘டிகேஎம் 13 விதைக்கிறவங்களுக்கு. ஒரு ஏக்கர் நடவுக்கு 16 கிலோ விதை, 8 சென்ட் நாற்றங்கால். விதைக்கு, நோய் தடுக்கிற நுண்ணுயிர்ப் பொடி சூடோமோனாஸ் கிலோவுக்கு 10 கிராம், மொத்தம் 160 கிராம், ஊற வைக்கிற தண்ணியில கலந்து ராத்திரி வைங்க. பூஞ்சைக்கொல்லி கார்பென்டாசிம் பவுடரை இதோட சேர்க்காதீங்க, ரெண்டுல ஒண்ணுதான். 25 நாள்ல பறிக்கிறவங்க நாற்றங்கால்ல 16 கிலோ டிஏபி போடுங்க. மேஸ்திரிகிட்ட இன்னைக்கே ரெண்டு விஷயம் பேசிடுங்க: நடவுத் தேதி, 8 அடிக்கு ஒரு அடி பட்டம். சந்தேகம்னா இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்க, எடுக்கலைன்னா கிசான் கால் சென்டர் 1800 180 1551, காலை 6ல இருந்து ராத்திரி 10 வரை.’

பட்டம் பத்தின வரியை மட்டும் தனியாப் பேசி மேஸ்திரிங்க எண்ணுக்கும் அனுப்புங்க.

உரக்கடை செங்குன்றம்
19 ஆகஸ்ட், இரவு 10:30

சூடோமோனாஸ் பாக்கெட்ல தயாரிச்ச தேதியைப் பார்த்து வாங்கச் சொல்லுங்க, நாலு மாசத்துக்கு உட்பட்டதா இருக்கட்டும். வெயில் விழற அலமாரியில அடுக்கி வச்ச கடையில வேண்டாம். உள்ள இருக்கிறது உயிர்.